பாட்டிலுக்குப் பொட்டு

மரக்காணம் உப்பளக் கரையில் வெயிலையும் உப்பையும் தின்று வளர்ந்த ஒரு காட்டுக்கொடிக்கு, எங்கள் ஆய்வகத்தில் ஏசி இல்லாமல் ஒரு நாள் ஆகாது. கண்ணாடி பாட்டிலுக்குள் சர்க்கரை கலந்த ஜெல்லி ஊற்றி, புது மாப்பிள்ளையைப் போலக் கவனித்து வளர்த்தோம். வேறு வழியில்லை. அனுமந்தைப் பக்கம் அது கடைசியாக இருந்த இடத்தில் சாலையை அகலமாக்கிவிட்டார்கள். நாங்கள் தேடியவரை வெளியே ஒரு செடிகூடக் கிடைக்கவில்லை. மிச்சமிருந்ததெல்லாம் எங்கள் அலமாரி பாட்டில்கள்தான்.

அந்த அறைக்குள் யாரையும் லேசில் விடமாட்டேன். ஒரு கிருமி உள்ளே போனால் போதும், ஜெல்லி முழுக்கப் பூஞ்சை பிடித்துவிடும். என் உதவியாளர் உள்ளூர்ப் பெண். என்னைவிடக் கறார். தொப்பி போடாமல் வந்த ஒரு அதிகாரியையே வாசலோடு திருப்பி அனுப்பியவள்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நான் திண்டிவனத்தில் ஒரு கூட்டத்தில் ஆய்வகச் சுத்தத்தைப் பற்றி முழங்கிவிட்டுத் திரும்பினேன். அறையில் சாம்பிராணி வாசனை. ஒவ்வொரு பாட்டில் மூடியிலும் சந்தனம், நடுவில் குங்குமம்.

"என்னம்மா இது?"

"ஸ்பிரிட் போட்டுத் தொடச்சிட்டுதான் மேடம் பொட்டு வச்சேன். கிளவுஸ்கூட போட்டிருந்தேங்க. பொகை நிக்கக் கூடாதுன்னு ஃபேனையும் போட்டுட்டேன்."

கையுறை மாட்டிக்கொண்டு பொட்டு வைத்தவளை என்ன சொல்லித் திட்டுவது? வாய்க்கு வந்ததைச் சொல்லித் திட்டினேன். பிறகு அவள் நீட்டிய பொரியையும் தின்றேன். நல்ல பசி.

பொட்டை அழுத்தி வைத்ததில் மூடிகள் அசைந்திருக்க வேண்டும். தூசியையும் கிருமியையும் கிளப்பி உள்ளே அனுப்பும் மீதி வேலையை ஃபேன் பார்த்துக்கொண்டது. சில நாட்களில் பாட்டில் பாட்டிலாக வெள்ளைப் பஞ்சு பூத்தது. கெட்டதையெல்லாம் கொட்டினோம். அவள் அழுதுகொண்டே பாட்டில்களைக் கழுவினாள். கடைசியில் ஒன்றே ஒன்று சுத்தமாக நின்றது.

"பூஜை போட்டதாலதான் மேடம் இதாவது தப்பிச்சுது," என்றாள்.

என்னிடம் பதில் இருந்தது, நல்ல விஞ்ஞானப் பதில். அந்த முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டு, மாஸ்க்கை எடுத்து மாட்டினேன்.

அந்த ஒன்றைத் திறந்து, கொடியைத் துண்டு துண்டாக வெட்டிப் புது பாட்டில்களில் வைத்தால்தான் இனம் பிழைக்கும். திறக்கும்போது கிருமி புகுந்தால் அதோடு கதை முடிந்தது. கத்தியைத் தீயில் காட்டினேன். எனக்குப் பயமாக இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள், கும்பிடலாமா கூடாதா என்று தெரியாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூடியைத் தொடுவதற்கு முன்னால் மாஸ்க்குக்குள்ளிருந்து கத்தினேன்.

"வேண்டிக்கோம்மா! நல்லா வேண்டிக்கோ. ஆனா உள்ள மட்டும் வந்துடாதே!"