ஆறு மணி மிஸ்டு கால்

முடிச்சூரில் மொட்டை மாடியிலிருந்து ஆட்களைப் படகில் இறக்கினார்களே, அந்த வெள்ள வருஷம் தொடங்கிய பழக்கம் இது. நாங்கள் ஐந்து சிநேகிதர்கள். தினமும் காலை ஆறு மணிக்கு ஒருவருக்கொருவர் மிஸ்டு கால் கொடுப்போம். மணி அடித்தால் ஆள் நலம்.

இப்போது எனக்கு ஒருவன்தான் பாக்கி. குரோம்பேட்டையில் தனியாக இருக்கிறான்.

இன்று காலை அழுத்தினேன். பதில் மணி வரவில்லை. ஏழு மணி வரை திரும்பத் திரும்ப அழுத்தினேன். எடுக்கவில்லை.

தாம்பரத்தில் பஸ் ஏறினேன். மற்ற மூவரையும் கடைசியாகப் பார்க்கவும் இப்படித்தான் பஸ் ஏறினேன்.

குரோம்பேட்டையில் இறங்கினால், எதிரே அவனே ஓடி வருகிறான். சட்டைப் பொத்தான் மாறிக் கிடக்கிறது.

"யோவ், உசுரோட கீறியா? உன் மணி வரலியேன்னு நான் அடிச்சா, எப்பப் பாரு எங்கேஜ்டு!"

"உனக்குத்தான்யா அடிச்சிகினு இருந்தேன்!"

என் போனை வாங்கிப் பார்த்தவன் சிரித்துவிட்டான்.

"காலையிலேர்ந்து தண்ணி கேன் கடைக்கு அடிச்சிகினு இருந்திருக்க!"

எனக்குப் படிக்கத் தெரியாது. மேலிருந்து மூன்றாவது பெயர் அவன் என்று இத்தனை வருஷமும் பார்க்காமலே அழுத்தி வந்தேன். நேற்று மருமகள் தண்ணீர் கேன் கடை நம்பரைச் சேர்த்ததில் அவன் நான்காவது ஆகிவிட்டான்.

அங்கேயே ஆளுக்கு இரண்டு டீ குடித்தோம். போனில் அவன் பெயருக்குப் பக்கத்தில் அவன் படத்தை வைக்க மருமகளிடம் சொல்லிவிட்டேன். இனி முகத்தைப் பார்த்துத்தான் அழுத்துவேன்.

நீங்களெல்லாம் எதைப் பார்க்காமலே செய்கிறீர்கள்? எழுதுங்கள். நான் சொல்லச் சொல்ல இதை எழுதிய மருமகள் படித்துக் காட்டுவாள். சேர்ந்து சிரிக்க எனக்கு இன்னும் தேவசகாயம் இருக்கிறான்.