பேய் பார்க்கப் போகும் லலிதாம்பாள்

லலிதாம்பாளோடு பேய் பார்க்கப் போவதென்றால் முதலில் ரப்பர் செருப்பு வாங்கியாக வேண்டும். தாயத்தும் மந்திரமும் பிறகு. "பேய் அடிச்சு யாரும் செத்ததா நான் பாத்ததில்லேடி ராகேல். பாம்பு கடிச்சும், துருப்பிடிச்ச தகரம் கிழிச்சும், பாழுங்கிணத்துல விழுந்தும்தான் செத்திருக்கா" என்பாள்.

நாங்கள் இருவரும் திருவனந்தபுரத்தில் ஒரே சர்க்கார் ஆபீஸில் டைப்பிஸ்டுகள். நான் நாகர்கோவில் வேதக்காரி, அவள் கரமனை அக்கிரகாரத்துப் பெண். யார் வீட்டிலாவது யட்சி நடமாடுகிறது என்று சொல்லியனுப்பினால், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு நான் அவள் வீட்டு வாசலில் நிற்பேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. பயம் பாதி, குஷி பாதி.

அவளுக்கென்று சட்டங்கள் இருந்தன. தனியாகப் போகக் கூடாது. பட்டப்பகலில்தான் போக வேண்டும், ஏனென்றால் இருட்டில் அலமாரிகூடப் பேய்தான். வீட்டுக்காரர் சம்மதிக்காமல் ஒரு கதவைத் திறக்கக் கூடாது. கண்டுபிடித்ததை அந்த வீட்டாருக்குத்தான் சொல்ல வேண்டும், தெருவுக்குச் சொல்லவே கூடாது. இந்தக் கடைசிச் சட்டத்தில் மட்டும் அவள் யமன். பத்து வருஷத்துக்கு முன் அவள் வீட்டுப் பரணில் பெருச்சாளி உருட்டியதை யாரோ பேய் என்று கதை கட்ட, அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் தெருமுனையோடு திரும்பிப் போனார்கள். 'பேய் வீட்டுப் பொண்ணு' என்று ஆனபிறகு வேறு யாரும் வரவில்லை. அதைப் பற்றி அவள் பேசமாட்டாள். நினைத்தால் எனக்குத்தான் வயிறு எரியும்.

எழுபத்துநாலாம் வருஷம் ஜூன் மாதம், இடவப்பாதி மழை கொட்டிக்கொண்டிருந்தது. பழவங்காடியில் தேங்காய்க் கடை வைத்திருக்கும் சொரிமுத்து, சனிக்கிழமை எங்கள் ஆபீஸ் வாசலில் நனைந்தபடி வந்து நின்றான். புதிதாக டெரஸ் வீடு கட்டி, கல்யாணமும் செய்துகொண்டவன். மனைவி செண்பகவல்லி காலெடுத்து வைத்ததிலிருந்து மொட்டைமாடியில் யாரோ நடக்கிறார்களாம். அவன் தாய் மாடம்மாள் மந்திரவாதியைக் கூட்டி வந்திருக்கிறாள். யட்சியை ஆணியால் பாலை மரத்தில் அறைவதுதான் வழக்கம். அந்த வீட்டில் ஏது மரம்? அடுக்களைச் சுவரிலேயே ஆணியை அறைந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் வினையே. அடுக்களையில் செண்பகவல்லியை யட்சி பிடித்துத் தள்ளுகிறது. மாமியாரை மட்டும் தொடுவதில்லை.

"அவ கூட வந்த பேய்தான் அவள அடிக்குன்னு அம்மை சொல்லுதா. திங்கக்கெழம காலைல பஸ்ல கொண்டு விட்ருன்னுட்டா. திருநெல்வேலிக்கு அவ பொறந்த வீட்டுக்கு ஒரு தடவ போயிட்டான்னா அம்மை திரும்ப உள்ள ஏத்தமாட்டா அக்கா" என்று சொல்லிவிட்டு, தலையைத் துவட்டுவதுபோல் கண்ணையும் துடைத்துக்கொண்டான்.

ஞாயிறு மதியம் போனோம். வாசல் நடையிலேயே செண்பகவல்லியின் டிரங்குப் பெட்டி தயாராக இருந்தது. அவள் அதன் பக்கத்திலேயே நின்றாள், இன்னொரு பெட்டி மாதிரி. மாடம்மாள் கனத்த மனுஷி. குதிகால் வலிக்கு டாக்டர் சொன்ன ரப்பர் செருப்பை வீட்டுக்குள்ளும் கழற்றாமல் சரக் சரக்கென்று நடந்தாள்.

மொட்டைமாடிப் பேய் சீக்கிரமே அகப்பட்டது. பக்கத்து வீட்டுப் பலாமரக் கிளை மாடியில் சாய்ந்திருந்தது, மாடி முழுக்கப் பலாக்கொட்டையும் மரநாயின் எச்சமும். "இது பழந்தின்னிப் பேய்" என்று லலிதாம்பாள் சிரித்தாள். மாடம்மாள் சிரிக்கவில்லை.

"மரநாயா எம் மருமவளத் தள்ளுச்சு?"

அடுக்களைக்குப் போனோம். நான் செருப்போடு நுழைய, மாடம்மாள் முறைத்தாள். எனக்கு லலிதாம்பாளின் செருப்புச் சட்டம் பெரிது, அப்படியே நின்றேன். ஆனால் சட்டம் போட்டவளுக்கோ அக்கிரகாரத்து வளர்ப்பு. பிறத்தியார் அடுக்களை வாசலைக் கண்டதும் அவள் கால் தானாகச் செருப்பை உதறிவிட்டது! அவளும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே ஈரம் ஊறிய சுவர். அதில் மஞ்சளும் குங்குமமும் அப்பிய ஆணித்தலை. அதைத் தொட யாருக்கும் தைரியமில்லை. நான் பக்கத்துச் சுவரில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. லலிதாம்பாளும் அதே இடத்தில் வைத்தாள்.

"அய்யோ!" என்று ஒரு துள்ளு துள்ளி என் மேல் வந்து விழுந்தாள். மாடம்மாள் சாமி பெயரைச் சொல்லி அலறினாள். எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் லலிதாம்பாள் தரையில் உட்கார்ந்தபடி என் செருப்பையே பார்த்தாள், பிறகு தன் வெறுங்காலை, பிறகு மாடம்மாளின் ரப்பர் செருப்பை. அவள் முகத்தில் அப்படியொரு பிரகாசம்.

"ராகேல், மெயினை அணைடி! ஒருத்தரும் சுவரைத் தொடாதேங்கோ!"

அணைத்துவிட்டு, மழையில் முக்குவரை ஓடி வயர்மேன் மைதீனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். எல்லோரையும் வெளியே நிறுத்திவிட்டு மெயினைப் போட்டு, டெஸ்டரை ஆணித்தலையில் வைத்தான். டெஸ்டருக்குள் குட்டி பல்பு சிவப்பாக எரிந்தது. நான் கைதட்டிவிட்டேன்!

"செவருக்குள்ள வயர் பைப்பு போற எடமாக்கும் சேச்சி. ஆணி வயர்ல கேறியிருக்கு. இத அடிச்ச ஆளு எப்படிச் சாகாம தப்பிச்சான்?"

"அன்னைக்கு மழையில தெருவுக்கே கரண்டு இல்ல" என்றான் சொரிமுத்து.

மைதீன் மெயினை அணைத்து, அடுக்களைக்கு வரும் லைனை அறுத்தான். இனி ஆணியைப் பிடுங்க வேண்டும். மாடம்மாள் குறுக்கே நின்றாள். "புடுங்குனா அது வெளிய வந்துரும்!"

அதுவரை வாயே திறக்காத செண்பகவல்லி மைதீனின் குறடை வாங்கினாள். "வரட்டும் அத்த. வந்தா என்னையத்தான கேக்கும்" என்று சொல்லி, இரண்டு இழுப்பில் பிடுங்கிவிட்டாள்.

மைதீன் மெயினைப் போட்டு, ஆணி இருந்த துளையிலும் ஈரச்சுவரிலும் டெஸ்டரை வைத்தான். எரியவில்லை. செண்பகவல்லி சுவரைத் தொடக் கையை நீட்டினாள்.

"நில்லுட்டி!"

மாடம்மாள் அவள் கையைத் தட்டிவிட்டாள். தன் செருப்பைக் கழற்றினாள். வலிக்கும் குதிகாலை ஈரத்தரையில் ஊன்றி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தன் உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள்.

"ஒண்ணுமில்லட்டி" என்றாள்.

தெருவுக்கு ஒரு வார்த்தை போகாது என்று லலிதாம்பாள் அவளுக்குச் சத்தியம் செய்தாள். மாடம்மாள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. வெறுங்காலோடு வாசலுக்கு நொண்டிப் போய், டிரங்குப் பெட்டியைத் தானே இழுத்து உள்ளே வைத்தாள். திரும்பி வந்து, கழற்றிய செருப்பைக் காலால் மருமகள் பக்கம் தள்ளினாள்.

"வயரு மாத்தி, செவரு காயற வரைக்கும் நீ போட்டுக்க."