முழு உறுப்பினர் மீரா உசேன்

மீரா உசேன் தஞ்சாவூரில் நெல் அரவை மில்கள் கட்டித்தரும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். டிப்ளமோ படித்தவர். பூதலூரிலிருந்து பட்டுக்கோட்டை வரை அவர் மட்டம் பார்த்துப் போட்ட நெல் களங்களில் மழைத்தண்ணீர் ஒரு சொட்டுத் தங்கியதில்லை. ஆனாலும் காவேரிப் பாசனப் பொறியாளர் மன்றத்தில் பதினோரு வருடமாக அவர் இணை உறுப்பினர்தான். பட்டம் பெற்ற என்ஜினியர்கள்தான் முழு உறுப்பினர்கள். அவர்களுக்கு நாற்காலியும் ஓட்டும் உண்டு. இணை உறுப்பினருக்குப் பின்வரிசை பெஞ்சும், ஆண்டு விழா டிபன் பொறுப்பும்.

எழுபத்திரண்டாம் வருடம் ஆடி மாதம் மன்றத் தலைவர் தியாகராசன் அவரைக் கூப்பிட்டனுப்பினார். தியாகராசன் ஓய்வுபெற்ற என்ஜினியர். பூதலூர் பக்கம் நாற்பது ஏக்கர் நஞ்சைக்குச் சொந்தக்காரர். நில உச்சவரம்பைக் குறைத்துச் சட்டம் வந்து, ஊருக்கு ஊர் செங்கொடியும் கூட்டமுமாக இருந்த நேரம். தன் நிலம் தண்ணீர் தேங்கும் பள்ளம், அதை நல்ல நஞ்சைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அவர் மனுக் கொடுத்திருந்தார். "நான் சொல்றது எதுக்கு? எங்க மன்றமே பாத்துச் சொல்லட்டும்" என்று நிலச் சீர்திருத்த அதிகாரியிடம் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டும் வந்திருந்தார்.

அதில்தான் சிக்கல். மற்ற முழு உறுப்பினர்கள் அத்தனை பேரும் அரசாங்க உத்தியோகஸ்தர்கள். தலைவருக்காகக் கை தட்டுவார்கள், கையெழுத்துப் போடமாட்டார்கள்.

"உங்கள முழு உறுப்பினர் ஆக்கிட்டோம் உசேன். பதினோரு வருஷம் சும்மாவா?" என்றார் தியாகராசன். மன்றத்தின் ஒழுக்க விதிகள் அடங்கிய சின்னப் புத்தகத்தையும் கையில் கொடுத்தார். "ஆய்வுக் குழுவும் நீங்கதான். நிலத்தப் பாத்து ஒரு அறிக்கை எழுதுங்க. ஒரு நகல நேரா அதிகாரிக்கே அனுப்பிடுங்க. என் கை வழியாப் போனா நாலு பேரு நாலு விதமாப் பேசுவான்."

மீரா உசேனுக்குக் கண் கலங்கிவிட்டது. பஸ்ஸில் திரும்பும்போதே புத்தகத்தை முழுக்கப் படித்தார். 'நேரில் அளக்காததை எழுதாதே. அளந்ததை மறைக்காதே' என்ற விதி அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

மறுநாளே லெவல் கருவியோடு வயலுக்குப் போனார். அளவுகோலைப் பிடிக்க, அங்கே களையெடுத்துக் கொண்டிருந்த காத்தாயி வந்தாள். வரப்பு வரப்பாக நாள் முழுக்க அளந்தார்கள்.

"எதுக்குங்கய்யா அளக்குறீங்க?"

"தண்ணி நிக்கிற நெலமான்னு பாக்கத்தாம்மா."

காத்தாயி சிரித்துவிட்டாள். "நின்னா நாங்க ரெண்டு போகம் எப்புடிங்க அறுக்குறது?"

அவள் சொன்னதையே கருவியும் சொன்னது. வடிகாலைவிட வயல் இரண்டடி எட்டங்குலம் மேடு. மன்றத்துக்கே விசுவாசமாக இருப்பதா, மன்றத்தின் புத்தகத்துக்கு விசுவாசமாக இருப்பதா என்று இரண்டு நாள் தவித்தார். மூன்றாம் நாள் அளவுகளையும், தண்ணீர் தேங்காத நல்ல நஞ்சை என்ற முடிவையும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டு, தலைவர் சொன்னபடி அதிகாரிக்கு ஒரு நகலைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, மறுநாள் மன்றத்துக்குப் போனார்.

தியாகராசன் படித்தார். "என்னய்யா இது?"

"லெவல் சார்."

"லெவல் தெரியுது. இந்த முடிவு?"

"அதுவும் லெவல்தான் சார். நகல நேத்தே அனுப்பிட்டேன்."

மன்றத்தின் பேச்சே தன் பேச்சு என்று அதிகாரியிடம் சொல்லி வைத்தவர் இனி எந்த வாயால் மறுப்பார்? ஆனாலும் கோர்ட்டு, தடையுத்தரவு என்று ஏழு வருடம் இழுத்தார். கடைசியில் உபரி நிலத்தைப் பதினோரு கூலிக் குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். காத்தாயிக்கும் ஒரு ஏக்கர் கிடைத்தது. அந்த ஏழு வருடமும் மன்றக் கூட்டத்தில் மீரா உசேனுக்குப் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடந்தது. ஆனால் டிபன் பொறுப்பை மட்டும் யாரும் அவரிடமிருந்து பறிக்கவில்லை.

பிறகு மன்றத்துக்கு வெள்ளி விழா வந்தது. மந்திரி வருவதாக ஏற்பாடு. விழா மலரின் முதல் கட்டுரை, 'நிலச் சீர்திருத்தத்தில் நம் மன்றத்தின் பங்கு'. எழுதியவர் தலைவர் தியாகராசன். ஏழைகளுக்கு நிலம் கிடைக்க மன்றம் அஞ்சாமல் உண்மை சொன்ன வரலாறு நாலு பக்கத்துக்கு இருந்தது. பிழை திருத்தும் வேலை மீரா உசேனிடம் வந்தது.

அவர் மனைவி ஜன்னத் பீவி எட்டிப் பார்த்தாள். "இதுல உங்க பேரு எங்கங்க?"

"'ஆய்வுக் குழு'ன்னு போட்டிருக்கே."

"குழுவுல வேற யாரு இருந்தா?"

"வேற யாரும் இல்ல" என்றார். பிறகு 'அஞ்சாமல்' என்பதில் விட்டுப்போயிருந்த ஒற்றெழுத்தைப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.