நடு வட்டத்தில் வைத்த பந்து

என் கூடைப்பந்து வாழ்க்கையை எழுதினால் அரைப் பக்கத்துக்கு மேல் தேறாது. அதிலும் பாதி என் உயரம்தான். கம்மாபுரம் பக்கம் எங்கள் நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனபோது, குடும்பத்தில் மிஞ்சிய ஒரே நீளமான சொத்து நான். அப்பா அதே சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்தார். விளையாட்டு ஒதுக்கீட்டில் நானாவது பெர்மனன்ட் ஆகிவிடுவேன் என்று நம்பினார். அதற்கு முதலில் பல்கலைக்கழக அணிக்குள் நுழைய வேண்டும்.

நான் ஆடப் பழகியது சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப்பில், ஒரு பிளாக்கின் சிமெண்டுத் தரையில். அங்கே எங்கும் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. ஜெனரல் ஷிப்ட் முடிந்து சாயங்காலச் சங்கு ஊதும்வரை எங்களைப் போன்ற வெளியூர்ப் பையன்கள் ஆடலாம். ஊதியதும் பந்தை நடு வட்டத்தில் வைத்துவிட்டுக் கோட்டுக்கு வெளியே போய்விட வேண்டும். அதற்குப் பிறகு தரை அங்கேயே குடியிருக்கும் குவார்ட்டர்ஸ்காரர்களுடையது. யாரும் விரட்டியதில்லை, நாகரிகமானவர்கள். "டைம் ஆச்சு தம்பி" என்று சிரிப்பார்கள், அவ்வளவுதான். கூடைக்குள் பந்தை எறியக் கற்பதற்கு முன்பே அதைக் கீழே வைக்கக் கற்றுக்கொண்டேன். அந்த வித்தையில் என்னை மிஞ்ச ஆளில்லை.

கல்லூரி அணியில் முதல் வருடமே இடம் கிடைத்தது. சங்கு ஊதிய பிறகு அதே தரையில் ஆடும் குவார்ட்டர்ஸ் நண்பன் ஒருவனும் அணியில் இருந்தான். நெல்லிக்குப்பத்தில் ஒரு போட்டி. பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அன்று நான் எறிந்ததெல்லாம் விழுந்தது. எனக்கே சந்தேகம் வந்து கூடையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தேன்.

கடைசிப் பத்து நொடி. ஒரு புள்ளி முன்னிலை, பந்து என் கையில். ஓடி ஓடித் தட்டிக்கொண்டிருந்தாலே போதும், ஜெயித்துவிடுவோம். அப்போது சர்க்கரை ஆலையின் சங்கு ஊதியது.

நான் பந்தை நடு வட்டத்தில், உருளாதபடி பதமாக வைத்துவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டே கோட்டைத் தாண்டி வெளியே போய் நின்றேன்.

எங்கள் ஆட்கள் பந்தை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்கள். எதிரணிக்காரன் ஒரு நொடி திகைத்தான். மரியாதை தெரிந்தவன் போல, நான் நன்றாக ஒதுங்கிய பிறகே பந்தை எடுத்துப் போய் எங்கள் கூடையில் போட்டான். ஒரு புள்ளியில் தோற்றோம்.

பயிற்சியாளர் கத்தவில்லை. "ஏன்டா, நல்லாத்தான ஆடிகினு இருந்த? எதுக்குடா வெளிய போன?"

சங்கு ஊதியது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நண்பன் முந்திக்கொண்டான். "வெயில் சார், அவனுக்குத் தலை சுத்திருச்சு."

அத்தனை பேரில் நடந்தது என்னவென்று புரிந்தவன் அவன் ஒருவன்தான். என்னைப் பார்க்காமல் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். தலை சுற்றுகிறவனை யார் எடுப்பார்கள்? நண்பனை எடுத்தார்கள்.

அடுத்த வாரம் டவுன்ஷிப் தரைக்குப் போனபோது ஒரு முடிவோடு போனேன். இன்று பந்தை வைப்பதில்லை. சங்கு ஊதியது. உடன் ஆடியவர்கள் வெளியேறினார்கள். நான் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தனியாக நின்றேன். பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் போலத்தான் தெரிந்திருப்பேன்.

நண்பன் வந்தான், பல்கலைக்கழக அணியின் புதுச் சட்டையில்.

"என்னடா, சங்கு கேக்கலையா?"

"கேட்டுச்சி."

"அப்புறம்?"

அந்த 'அப்புறம்' வரும் என்று தெரிந்து, சைக்கிளில் வரும் வழியெல்லாம் ஒரு நல்ல பதிலைத் தயார் செய்திருந்தேன். அதில் நிலம் இருந்தது, அப்பா இருந்தார், நெல்லிக்குப்பம் இருந்தது. வாயைத் திறந்தேன்.

"டைம் ஆச்சுல்ல" என்றேன்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். பிறகு குனிந்து பந்தை நடு வட்டத்தில் வைத்தேன். அது துளிகூட உருளவில்லை.