பனி டயரும் ஒரு செவ்வாய்க்கிழமையும்

குளிர்காலத்துக்கென்று தனியாக டயர் உண்டு என்பதே ஐம்பத்தெட்டு வயது வரை எனக்குத் தெரியாது. டெக்சஸில், பேர்லேண்டில் இருபது வருடம் இருந்தோம். அங்கே டயர் என்றால் டயர், அவ்வளவுதான். வெயிலில் தேயும், தேய்ந்தால் மாற்றுவோம். வேலை நிமித்தம் நியூ ஜெர்சியில் பிஸ்கட்டவேக்கு வந்த முதல் நவம்பரில், பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது ஒரு நண்பர் கேட்டார்.

"பாய், விண்டர் டயர் போட்டாச்சா? வீட்டுல டயாலிசிஸ் பேஷன்ட் இருக்காங்க. ஸ்னோ வந்தா மாட்டிக்குவீங்க."

அவர் சொன்னது சரி. என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டிருந்தன. செவ்வாய், வியாழன், சனி, காலை பத்தரைக்கு அவளை டயாலிசிஸ் சென்டரில் கொண்டுபோய் விட வேண்டும். நான்கு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்புவார்கள். வீட்டிலிருந்து ஏழு மைல், பதினைந்து நிமிடம். சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் இடைவெளி அதிகம் என்பதால் செவ்வாய்க்கிழமையை மட்டும் தவறவே விடாதீர்கள் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். வண்டி ஓட்டுவது என் வேலை. அவளுக்காக நான் செய்ய முடிந்த ஒரே வேலையும் அதுதான்.

டயர் கடைக்கு அவளும் வந்தாள். நான் கேட்டது இருப்பதிலேயே மலிவான டயர். பெயர் வாயில் நுழையவில்லை. பக்கவாட்டில் மலையும் பனித்துகளும் சேர்ந்த முத்திரை இருந்தது, அது இருந்தால் போதும் என்று எங்கோ படித்திருந்தேன். கடைக்காரர் நான்கு எடுத்து வைத்தார். நான் இரண்டு போதும் என்றேன், அதையும் முன்னால் மாட்டச் சொன்னேன்.

இந்த அறிவு எனக்கு என் அத்தாவிடமிருந்து, அதாவது தகப்பனாரிடமிருந்து வந்தது. ஊரில் எங்கள் அம்பாசிடருக்குப் புது டயர் வந்தால் முன்னால்தான் போகும். முன்னால் இருந்தது பின்னால் போகும், பின்னால் இருந்தது ஸ்டெப்னி ஆகும். எங்கள் பக்கத்தில் எந்த டிரைவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். போதாததற்கு என் கார் முன்சக்கரம் இழுக்கிற கார். கடைக்காரர் இரண்டு முறை தலையை ஆட்டி மறுத்தார். எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே. கடைசியில் அவர் ஒரு தாளை நீட்டி, உங்கள் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டால் மாட்டுகிறேன் என்றார். போட்டேன்.

"மச்சான், அவங்க நாலு போடச் சொல்றாங்கல்ல, போட்டுடலாமே" என்றாள் மனைவி.

"உனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இரு."

டிசம்பரில் முதல் பனி விழுந்தது. பெரிய பனி இல்லை, சாலையில் விரலளவு. வண்டி கிளம்பியபோது முன்சக்கரங்கள் நன்றாகப் பிடித்தன. பார்த்தாயா என்று அவளிடம் பெருமையடிக்கவும் செய்தேன். பாதி வழியில் ஒரு இறக்கம், இறக்கத்தின் முடிவில் வளைவு. பிரேக்கை லேசாகத்தான் தொட்டேன். முன்பக்கம் நின்றது, பின்பக்கம் நிற்கவில்லை. அது பாட்டுக்கு எங்களைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள், வந்த வழியைப் பார்த்தபடி சாலையோரப் புல்லில் ஏறி நின்றோம். எதிரே வண்டி ஏதும் வராதது அல்லாஹ்வின் கருணை.

அவள் மடியிலிருந்த தஸ்பீஹ் மணிமாலை கீழே விழுந்திருந்தது. குனிந்து எடுத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் ஆகல மச்சான். திருப்புங்க, டைம் ஆச்சு."

திருப்பினேன். கை நடுங்கியது. அவளுக்கு நடுங்கவில்லை.

மறுநாளே போய்ப் பின்னாலும் அதே டயர் இரண்டு மாட்டினேன். கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது ஆறியிருப்பேன்.

நான்கும் ஒரே மாதிரி ஆனபின் வண்டியின் குணமே மாறியது. காய்ந்த சாலையில் வேகமெடுத்தால் ஊஊ என்று ஒரே இரைச்சல். மாவு மில்லுக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது என்று அவள் சிரிப்பாள். ஸ்டியரிங்கைத் திருப்பினால் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். மழையில் பிரேக் போட்டால் நான் நினைத்த இடத்தைத் தாண்டிப் போய் நிற்கும், அதனால் முன்னால் போகிற வண்டிக்கு நிறைய இடம் விட வேண்டியிருந்தது. மலிவு சரக்கு என்று நான் முணுமுணுக்காத நாளில்லை. ஆனால் ஜனவரியில் இரண்டு முறை பனி பெய்து, இரண்டு முறையும் அந்த டயர்கள் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. எங்கே வழுக்கப் போகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வருகிறவர்கள் ஹார்ன் அடிக்க அடிக்க, நடந்து போகிற வேகத்தில் ஓட்டினேன். அந்த வளைவு வந்தால் எனக்கு வாய் உலர்ந்துவிடும்.

அவளுக்கு அது தெரிந்திருந்தது. வண்டியை எடுக்கும்போது அல்லாஹ்வின் பெயரால் என்று பிஸ்மி சொல்வது எப்போதும் அவள் வழக்கம். அந்த இறக்கம் நெருங்கும்போது மட்டும் பேர்லேண்ட் கதையை ஆரம்பிப்பாள். பின்கட்டில் காய்த்த எலுமிச்சை, ஹூஸ்டன் வெள்ளத்தில் மிதந்த எங்கள் குப்பைத்தொட்டி, இப்படி ஏதாவது. வளைவு தாண்டியதும் கதை பாதியில் நின்றுவிடும். மிச்சத்தை நானும் கேட்டதில்லை.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. விடியும்போதே பனி கொட்டிக்கொண்டிருந்தது, கணுக்காலுக்கு மேல் புதைந்தது. சென்டரிலிருந்து போன் வந்தது. திறந்திருக்கிறோம், வர முடியுமா, முடியாவிட்டால் நாளை காலை முதல் ஆளாக எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். வருகிறோம் என்றேன். வாசலில் பனியை அள்ளித் தள்ளினேன். அவள் கோட்டும் ஸ்கார்ஃபும் போட்டு, கால் மேல் போர்வையுடன் உட்கார்ந்துகொண்டாள். சாலையில் பனி அள்ளும் வண்டி ஒரு முறை போய்விட்டு வந்திருந்தது.

தெருமுனையில் ஸ்டாப் போர்டு. பிரேக்கை அழுத்தினேன். காலுக்கடியில் அது கடகடவென்று உதறியது. வழுக்காமல் நிறுத்துவதற்காக வண்டி தானே செய்கிற வேலை அது என்று இப்போது தெரியும். அன்றும் வண்டி கோடு போட்ட மாதிரி நேராகத்தான் நின்றது. ஆனால் அந்த உதறல் டிசம்பரில் சுழன்ற வளைவைத்தான் என் கண் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அங்கேயே இருந்தேன். பின்னால் யாருமில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது.

அவள் என்னைப் பார்த்தாள், பிறகு சாலையைப் பார்த்தாள்.

"எனக்கும் இன்னைக்கு அசதியா இருக்கு மச்சான். நாளைக்கே போய்க்கலாம். போன் பண்ணிச் சொல்லிடுங்க."

எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ரிவர்ஸ் எடுத்து வீட்டுக்கு வந்து, போன் செய்து, டீ போட்டேன். அவள் தண்ணீர் அளவோடுதான் குடிக்க வேண்டும், தினமும் அரை கப் டீ. அன்று இரண்டு மடக்கு குடித்துவிட்டுக் கப்பை என் பக்கம் நகர்த்தினாள். போதும் என்றாள். ஜன்னலில் பனியைப் பார்த்துக்கொண்டே அவள் பங்கையும் நானே குடித்தேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவளால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடி மூச்சுக்கு அல்லாடினாள். நுரையீரலில் நீர் சேர்ந்திருந்தது. ஆம்புலன்ஸ் ஏழு நிமிடத்தில் வந்தது. அதே பனியில்தான் வந்தது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்தாள், ஆனால் இதயம் பழைய நிலைக்கு வரவில்லை. ஏப்ரல் கடைசியில், ஒரு வியாழக்கிழமை சென்டருக்குக் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தபோது போய்விட்டாள். இதயம் முன்பே பலவீனமாகத்தான் இருந்தது, ஒரு நாள் தவறியதால் மட்டும் இது நடந்தது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவர் சொன்ன அந்த 'மட்டும்' இன்னும் என் காதில் கிடக்கிறது.

துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் நான் ஒரே கதையைச் சொன்னேன். அன்றைக்கு ஒரு நாள் விட்டுப்போச்சு, அவளுக்கே அசதி, அவளேதான் வேண்டாம் என்றாள். சொல்லச் சொல்ல அது கொஞ்சம் கொஞ்சமாக உண்மையாகிக்கொண்டு வந்தது. நான் கூட்டிப்போகத் தயாராகத்தான் இருந்தேன் என்றுகூட ஒன்றிரண்டு பேரிடம் சொன்னேன். பள்ளிவாசல் நண்பர் மே மாதம் என்னை இழுத்துக்கொண்டு போய்ப் பனி டயர்களைக் கழற்றவைத்தார். வெயிலில் மெழுகு மாதிரி தேய்ந்துவிடும் பாய் என்றார். நான்கும் கறுப்புப் பையில் சுற்றி கராஜில் கிடந்தன.

எங்கள் ஒரே மகள் டெக்சஸில், ஆலனில் இருக்கிறாள். நவம்பரில் லீவுக்கு வந்தாள். அமெரிக்காவிலேயே பிறந்தவள், தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். டயர்களை எடுத்து மாட்டக் கொண்டுபோகலாம் என்று இரண்டு பேரும் கராஜில் பையைப் பிரித்துக்கொண்டிருந்தோம். கைவேலையாக இருக்கும்போது வாய் சும்மா இருக்காது எனக்கு.

"அன்னைக்கு உங்கம்மா மட்டும் அசதின்னு சொல்லாம இருந்திருந்தா..."

மகள் கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். அத்தா, இதை நீங்கள் இனிமேல் யாரிடமும் சொல்லாதீர்கள் என்றாள் ஆங்கிலத்தில். அன்று காலை அம்மா எனக்குப் போன் செய்தாள், நீங்கள் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தீர்களாம் என்றாள். அதற்கு மேல் சொல்ல வந்ததை மட்டும் தமிழில், அவள் அம்மா சொன்னபடியே சொன்னாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா, நல்லாத்தான் இருக்கேன். அத்தாவுக்குக் கை நடுங்குது, பாவமா இருந்துச்சு. அதான் அசதின்னு சொல்லிட்டேன். நீ அவங்ககிட்ட எதுவும் கேட்டுடாத."

சொல்லிவிட்டு மகள் அழுதாள். நான் அழவில்லை. குனிந்து டயரை உருட்டிக் காரின் பின்பக்கம் ஏற்றினேன்.

இந்த ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை மறுபடி அதே அளவு பனி பெய்தது. எனக்கு எங்கும் போக வேண்டிய வேலை இல்லை. வாசலில் பனியை அள்ளித் தள்ளிவிட்டுப் பத்து மணிக்கு வண்டியில் உட்கார்ந்தேன். அவள் இல்லாததால் பிஸ்மியை நானே சொன்னேன். ஸ்டாப் போர்டில் பிரேக்கை அழுத்தினேன். கடகடவென்று உதறியது. வண்டி நேராக நின்றது. கை நடுங்கத்தான் செய்தது. நடுங்கட்டும் என்று பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.

ஒரு வருடம் தேய்ந்த அந்த மலிவு டயர்கள் மொறுமொறுவென்று பனியை மிதித்துக்கொண்டு போயின. இறக்கம் வந்தது. வாய் உலர்ந்தது. கதை சொல்ல ஆளில்லை. மெதுவாக இறங்கி, மெதுவாகத் திரும்பினேன். பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்திலேயே வந்தன. அவ்வளவுதான், வளைவு முடிந்துவிட்டது.

சென்டர் வாசலில் ஒருவர் உப்பு தூவிக்கொண்டிருந்தார். உள்ளே விளக்கு எரிந்தது. வழக்கமாக அவளை இறக்கிவிடும் இடத்தில் நிறுத்தி மணி பார்த்தேன். இருபத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது. வழக்கத்தைவிட ஏழு நிமிடம் அதிகம். பத்தரைக்கு இன்னும் நேரமிருந்தது.

பழக்கதோஷத்தில் இறங்கி, சுற்றிப் போய் அவள் பக்கத்துக் கதவைத் திறந்தேன். சீட்டில் அவள் போர்வை மடித்தபடி இருந்தது, அதன் மேல் பனி விழுந்தது. ஏழு மைலில் ஒரு இடத்தில்கூட டயர் வழுக்கவில்லை. அவளை அன்றைக்குக் கூட்டிவந்திருக்கலாம்.