திருப்பூர்ல வேலை

சனிக்கிழமை மதியங்களில் ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் பாட்டு எழுதும் வகுப்பு எடுக்கிறேன். ராப் என்று சொன்னால்தான் பிள்ளைகள் வருகிறார்கள். செல்போனில் பீட் ஓடும். சினிமா வரி கூடாது, உன் கதையை நீ சொல்ல வேண்டும், ஒருத்தி பாடும்போது யாரும் நடுவில் நிறுத்தக் கூடாது. இவ்வளவுதான் விதிகள். மூன்றும் நான் போட்டவை.

நல்ல பாட்டுகள் வந்தன. பால்கோவா கடையில் டப்பா அடைக்கும் அம்மாவைப் பற்றி ஒருத்தி பாடினாள். வீட்டில் தெலுங்கு பேசும் ஒருத்தி, அப்பா திட்டுவதை மட்டும் தெலுங்கிலேயே வைத்துப் பாடினாள். எல்லோரும் சிரித்துக் கைதட்டினோம்.

என் மகளும் அந்த வகுப்பில் இருந்தாள். பத்தாம் வகுப்பு. ராஜபாளையத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வருவோம். பள்ளிக்குள் நுழைந்ததும் என்னை மிஸ் என்பாள்.

அவள் முறை வந்த அன்று எழுந்து நின்று, என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தபடி தொடங்கினாள்.

"கேட்டா சொல்லு, திருப்பூர்ல வேலை,
லீவு கிடைக்கல, அதான் வரலை.
அங்க ஒரு வீடு, அங்க ஒரு புள்ளை,
அந்தப் புள்ளைக்கும் அப்பா, எனக்கு மட்டும் இல்லை."

என் கணவர் எங்களை விட்டுப் போய் மூன்றாவது வருடம் நடக்கிறது. வேலைக்குப் போயிருக்கிறார் என்றுதான் தெருவிலும் பள்ளியிலும் சொல்லி வைத்திருந்தேன். அவளையும் அப்படியே சொல்லச் சொல்லியிருந்தேன்.

செல்போன் என் கையில்தான் இருந்தது. விரலை வைத்தால் பீட் நின்றுவிடும். காது இரண்டும் கொதித்தன. நிறுத்தவில்லை. அதை நேர்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். விரல் அசையவில்லை, அவ்வளவுதான்.

பாடி முடித்ததும் யாரும் கைதட்டவில்லை. ஒவ்வொரு பாட்டுக்குப் பிறகும் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வியை முன் பெஞ்சுப் பிள்ளை கேட்டாள். "இதுல எது நெசம், எது சும்மா சேர்த்தது?"

"எல்லாம் நெசந்தான்" என்றாள் என் மகள். பிறகு என் பக்கம் திரும்பி, "சரியா இருக்கா மிஸ்?" என்றாள்.

"சரியா இருக்கு" என்றேன்.

வகுப்பு முடிந்து ஆசிரியர் அறைக்குள் போனால், பக்கத்து நாற்காலிக் கணக்கு டீச்சர் காதுக்குச் செய்தி அதற்குள் போயிருந்தது.

"செத்த நேரம் உக்காருங்க டீச்சர்" என்றார். "எங்களுக்கு முன்னாடியே தெரியும். எங்க தம்பி திருப்பூர்லதான இருக்கான். உங்க வீட்டுக்காரரக் கடைவீதியில அந்தக் குடும்பத்தோட பார்த்துட்டுச் சொன்னான்."

"ஏன் எங்கிட்ட கேக்கல?"

"நீங்க எம்புட்டு ஆசையாச் சொல்லிக்கிட்டு இருந்தீங்க. எப்படிக் கேக்க?"

திருப்பூர் மெஸ் சாப்பாடு என் கணவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒருமுறை இதே டீச்சரிடம் சொல்லியிருந்தேன். மறுநாள் ஒரு பாட்டில் நாரத்தங்காய் ஊறுகாய் கொண்டுவந்து, அவருக்குக் கொடுத்து அனுப்புங்கள் என்றார். நானும் மகளும் அதைத் தயிர்சாதத்துக்குத் தொட்டுத் தின்று தீர்த்தோம். போய்ச் சேர்ந்ததா என்று கேட்டபோது, அவருக்கு ரொம்பப் பிடித்ததாம் என்றும் சொன்னேன். டீச்சர் எல்லாம் தெரிந்தேதான் கேட்டிருக்கிறார். கணவர் ஓடிப்போனதைவிட அந்த ஊறுகாயை நினைத்துத்தான் எனக்கு உடம்பு கூசியது.

ஒரே பஸ்ஸில் வீடு வந்தோம். வீட்டுக் கதவைச் சாத்தியதும் கேட்டேன். "ஏட்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கக் கூடாதா?"

"சொன்னா பாட விட்டுருப்பியா?"

பையை ஆணியில் மாட்டினேன்.

"ஒவ்வொருத்தர்கிட்டயும் பொய் சொல்லிச் சொல்லி எனக்கு வாயே கசக்குதும்மா. ஆண்டு விழாவுலயும் இதைத்தான் பாடப் போறேன். வேண்டாம்னா இப்பமே சொல்லிரு."

அன்று சொல்லவில்லை. இரண்டு நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. மூன்றாம் நாள் தலை பின்னிவிடும்போது, "பாடு" என்றேன். முகத்துக்கு நேராகச் சொல்ல அப்போதும் முடியவில்லை.

விழாவுக்கு எங்கள் தெருப் பெண்களும் வந்திருந்தார்கள். மேடைக்குப் பக்கவாட்டில், திரைக்குப் பின்னால் நின்று நான்தான் பீட் போட்டேன். கூட்டம் எனக்குத் தெரியவில்லை. அவள் முதுகு மட்டும் தெரிந்தது. ஒரு வரியும் விடாமல் பாடினாள். முடிந்ததும் கைதட்டல் கேட்டது. அடுத்த நடனத்துக்குப் பிள்ளைகள் மேடையேறிய பிறகும் என்னால் திரையை விட்டு வெளியே வர முடியவில்லை.

அவளே தேடி வந்தாள். வியர்வையில் பவுடர் கரைந்திருந்தது. "பசிக்குதும்மா" என்றாள்.

பஸ் ஸ்டாண்டு எதிரே பரோட்டா சாப்பிட்டோம். இலையைப் பார்த்தே சாப்பிட்டேன். தெருக்காரப் பெண் ஒருத்தி எங்களைக் கடந்து போனாள், ஒன்றும் கேட்கவில்லை. மகள் இன்னொரு பரோட்டா கேட்டாள்.