அளவு குறைத்த மருந்து

மழை பிடித்துக்கொண்டால் போதும், தையலக்கா வீட்டு வாசலில் துணியோடு வருகிறவர்கள் குறைந்து, பூனையோடு வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். நான்கு மாடிக் குடியிருப்பில் அவள் வீடு கீழ்த்தளத்தில், படிக்கட்டை ஒட்டி. ஏறுகிறவர், இறங்குகிறவர் எல்லாரும் அவள் தையல் மெஷினைத் தாண்டித்தான் போகவேண்டும். முப்பது வருஷமாக அதே மெஷின். அந்த முப்பது வருஷத்தில் ஒன்பது பூனை வளர்த்துவிட்டாள். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "வந்தது எதுவும் அளவு சரியா வரல" என்பாள். கேட்டவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் முழிப்பார்.

சும்மா சொல்லக்கூடாது, அவளுக்கு விஷயம் தெரியும். தும்முகிற பூனை சாப்பிடாமல் படுத்திருந்தால், "மூக்கடைச்சிருக்கு, அதுக்கு வாசனை தெரியல. மீனைக் கொஞ்சம் சூடு பண்ணி வை" என்பாள். கண் ஒட்டிக்கொண்டால் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரும் பஞ்சும். ஒரு கண் துடைத்த பஞ்சால் மறு கண்ணைத் துடைத்தால் கையிலேயே ஒன்று வைப்பாள். பேன் சீப்பால் வாரி, உதிர்ந்த கறுப்புத் தூளை ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துக் காட்டுவாள். சிவப்பாகக் கசிந்தால் அது அழுக்கில்லை, தெள்ளுப்பூச்சி குடித்துக் கழித்த ரத்தம். வாலடியில் அரிசி மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் வயிற்றில் நாடாப்புழு. பூச்சியை ஒழிக்காமல் புழுவுக்கு மட்டும் மாத்திரை கொடுத்தால் புழு திரும்ப வரும் என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும்.

ஆனால் எல்லாம் தெரிந்தவர்களுக்கென்றே ஒரு வியாதி இருக்கிறதே, அது அவளுக்கும் இருந்தது. எதைச் சொன்னாலும் "எனக்குத் தெரியாதா?" என்பாள். அந்த ஒரு வார்த்தையால்தான் கூடப்பிறந்த தங்கையோடு ஆறு வருஷம் பேச்சு வார்த்தை இல்லாமல் போனது. தங்கை கல்யாணத்தின்போது, "இவன் உனக்குச் சரிப்பட மாட்டான், எனக்குத் தெரியாதா?" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவைத்தாள். சொன்னது பலித்துத் தொலைத்தது. பலிக்காமல் இருந்திருந்தால் தங்கை என்றைக்கோ மன்னித்திருப்பாள். தனியாகி, அதே கட்டடத்தின் மூன்றாவது மாடிக்குக் குடிவந்த பிறகும், அக்கா வாசலை முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தாண்டினாள்.

இரண்டு பேரையும் சேர்த்துவைத்தது ஒரு பூனை. மார்பில் வட்டமாக ஒரே ஒரு கறுப்புப் புள்ளியோடு, தங்கை தெருவிலிருந்து எடுத்துவந்த வெள்ளைக் குட்டி. ஒரு நாள் அது பால் குடிக்காமல் துவண்டுபோக, வேறு வழியில்லாமல் அக்கா கதவைத் தட்டினாள். அக்கா குட்டியை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னடா, சட்டைக்குப் பொத்தான் ஒண்ணுதான் இருக்கு" என்றாள். ஆறு வருஷத்துக்கப்புறம் தங்கை அந்த வீட்டில் சிரித்தாள். அன்றிலிருந்து அதற்குப் பொத்தான் என்றே பெயர். தங்கைக்குப் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை வேலை. காலையில் பொத்தானை அக்காவிடம் விட்டுவிட்டுப் போவாள், சாயங்காலம் வந்து அங்கேயே சாப்பிட்டுவிட்டுத் தூக்கிக்கொண்டு போவாள். இப்படியே பத்துப் பன்னிரண்டு வருஷம், தையலக்காவுக்கு அந்தச் சாயங்காலத்துக்காகவே நாள் விடிந்தது.

போன வருஷம் மழை விடவே இல்லை. தெள்ளுப்பூச்சி எந்த வருஷமும் இல்லாத அளவுக்குப் பெருகியது. ஒரு திங்கட்கிழமை தங்கை பொத்தானை இரண்டு தெரு தள்ளியிருக்கும் கால்நடை டாக்டரிடம் வருஷத் தடுப்பூசிக்குக் கொண்டுபோனாள். சின்ன வயசு டாக்டர், புதிதாகப் போர்டு மாட்டியவள்.

"பூச்சி நிறைய இருக்காம்க்கா. கழுத்துல விடுற சொட்டு மருந்து சனிக்கிழமை வருமாம், அவங்களே போட்டு விடுறாங்களாம்" என்றாள் தங்கை.

"ஒரு சொட்டு விடுறதுக்கு டாக்டரா? அந்தப் பொடிப் பொண்ணு பொறக்கிறதுக்கு முன்னாடியே நான் பூச்சி பாத்தவ."

"இருக்கட்டும்க்கா, அவங்க படிச்சவங்க" என்று தங்கை சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்த வார்த்தை அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் காலை, தங்கை வேலைக்குப் போனதும், தையலக்கா அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தாள். வாட்ச்மேன் தன் நாய்க்கு வாங்கியதில் மிச்சமென்று கொடுத்த ஒற்றைக் குப்பி. இருபத்தைந்து கிலோ நாய்க்கு ஒரு குப்பி. பொத்தான் ஐந்து கிலோ. அப்பாவின் பேன்ட்டை வெட்டிப் பிள்ளைக்குத் தைத்துக் கொடுக்கிற கைக்கு இந்தக் கணக்கு எம்மாத்திரம்? ஐந்தில் ஒரு பங்கு. பெட்டியில் ஒரு பூனைப் படத்தைப் போட்டு அதன்மேல் சிவப்புக் கோடு அடித்திருந்தது. பார்க்காமல் இல்லை, பார்த்தாள். முழுக் குப்பியையும் பூனைக்கு விடாதே என்று சொல்கிறார்கள், எனக்குத் தெரியாதா, என்று நினைத்துக்கொண்டாள். கழுத்துமுடியை விலக்கி அளவாக விட்டாள். சனிக்கிழமைக்குள் பூச்சி எல்லாம் உதிர்ந்துவிடும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், தங்கை முகம் எப்படிப் போகிறது பார்க்கலாம் என்று ஒரு அற்ப சந்தோஷம்.

நாய்க்கு மருந்தாகிற சில சரக்கு பூனை உடம்பில் விஷம். அளவைக் குறைத்தாலும் விஷம் விஷம்தான். அது அவளுக்குத் தெரியாது.

புதன்கிழமை விடிகாலையில் பொத்தானின் காது துடித்தது, அப்புறம் தோல், அப்புறம் உடம்பு முழுக்க. தங்கை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு டாக்டரிடம் ஓடினாள். ஒன்பது மணிக்கு அங்கிருந்து போன் வந்தது.

"அக்கா, பொத்தானுக்கு வலிப்பு வருது. உடம்பு மேல ஏதாவது மருந்து போட்டியான்னு டாக்டர் கேக்குறாங்க."

பின்னாலிருந்து டாக்டர் குரலும் கேட்டது. "எதுவா இருந்தாலும் பரவாயில்ல, சொல்லச் சொல்லுங்க. உடனே கழுவிடலாம்."

கழுவிடலாம். நன்றாகக் காதில் விழுந்தது. வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் தையலக்காவின் கண்முன் வந்து நின்றதோ பூனை அல்ல, முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலைத் தாண்டும் தங்கை. அந்த ஆறு வருஷம். ஐந்தில் ஒரு பங்கு என்ன செய்துவிடும், இது வேறு ஏதோவாக இருக்கும் என்று மனசு வேறு சமாதானம் சொன்னது.

"சீப்பால வாரினேன். வேற ஒண்ணும் போடல" என்றாள்.

மத்தியானத்துக்கு மேல், கழுத்தடியில் எண்ணெய்ப்பிசுக்கு விரலில் பட்டு, டாக்டரே சந்தேகப்பட்டுக் கழுவிப் பார்த்தாள். அதற்குள் எல்லாம் கைமீறிவிட்டது. சாயங்காலம் தங்கை வெறுங்கூடையோடு வந்து அக்கா மடியில் விழுந்தாள்.

"முந்தாநாள் ஊசியப் போட்டுக் கொன்னுட்டு, யாரோ நாய் மருந்து போட்டிருக்காங்கன்னு கதை விடுறாக்கா அவ! எங்க அக்கா கையில வளந்த பூனை, எங்க அக்காவைப் பத்தி உனக்கு என்ன தெரியும்னு எல்லார் முன்னாடியும் நல்லாக் கேட்டுட்டேன். நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டேன்."

தையலக்கா தங்கையின் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். கொன்ற பிறகு அவனுக்குக் கூட்டம் கூடும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. தங்கை சொன்னது நான்கு மாடியும் பரவியது. அந்த டாக்டரிடம் போவதைக் கட்டடமே நிறுத்திவிட்டது. "ஊசியும் வேணாம் ஒண்ணும் வேணாம், தையலக்கா இருக்காங்க" என்று பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவளும் கண் துடைத்தாள், சீப்பால் வாரினாள், ஒருவர் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இந்த வருஷ மழைக்குக் கொஞ்சம் முன்னால் தங்கை ஒரு சாம்பல் குட்டியைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள். இரண்டு மாதக் குட்டி. "இதுக்கு ஊசி கிடையாது, டாக்டர் கிடையாது. நீ பாத்துக்கிட்டா எனக்குப் போதும்" என்றாள்.

மாடிப்படிக்கு அடியில் அப்போதே தெருப்பூனைகள் தும்ம ஆரம்பித்திருந்தன. தடுப்பூசி போட்ட பூனைக்கு அந்தச் சளி நாலு நாள் தொந்தரவு. போடாத குட்டிக்குக் கண் போகும், உயிரும் போகும். இதுவும் அவளுக்குத் தெரிந்ததுதான். இரண்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள், தங்கை வேலைக்குப் போனதும், குட்டியைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். அங்கே காத்திருக்க ஆளே இல்லை.

ஊசி போட்டு முடிகிற வரைக்கும் பேசாமல் நின்றவள், டாக்டர் அட்டை எழுதும்போது சொன்னாள். "போன வருஷம் மார்புல புள்ளியோட ஒரு வெள்ளைப் பூனை வந்துச்சே. அதுக்கு நாய் மருந்து போட்டது நான்தாம்மா."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தாள் தையலக்கா. திட்டவில்லை.

"அன்னிக்கு ஒன்பது மணிக்கே சொல்லியிருந்தீங்கன்னா அநேகமா காப்பாத்தியிருப்பேன்" என்றாள் டாக்டர். பிறகு அட்டையை நீட்டினாள். "அடுத்த ஊசி மூணு வாரம் கழிச்சு. கண்டிப்பா போடணும்."

சாயங்காலம் தங்கை வந்ததும் தையலக்கா அட்டையை அவள் கையில் கொடுத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். குப்பி, ஐந்தில் ஒரு பங்கு, சிவப்புக் கோடு, ஒன்றையும் விடவில்லை. தங்கை நின்ற இடத்திலேயே நின்று கேட்டாள்.

"தெரியாம போட்டே, சரி" என்றாள் கடைசியில். "நான் போன் பண்ணிக் கேட்டேனேக்கா. அப்ப ஏன் சொல்லல?"

"நீ மறுபடி பேசாம போயிடுவியோன்னு..."

தங்கை குட்டியை எடுத்துக்கொண்டு படியேறினாள்.

மூன்று வாரம் கழித்து, அட்டையில் எழுதியிருந்த அதே தேதியில், தங்கை கூடையோடு இறங்கி வந்தாள். தையலக்கா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனாள். போன தடவை ஆறு வருஷம் பேச்சு நின்றது என்றால், அது தொடங்கியபோது தையலக்காவுக்கு வயது நாற்பது. இப்போது அறுபதை நெருங்குகிறது.

நான்காவது மாடி அம்மாள், தும்முகிற பூனையை முந்தானையில் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். தெருவைத் திரும்பிப் பார்த்தபடி, "என்ன தையலக்கா, நீங்க இருக்கும்போது உங்க தங்கச்சி அந்த டாக்டர்கிட்டயா போறாங்க? என்னவாம்?" என்று கேட்டாள்.

"நீங்களும் அவங்ககிட்டயே கொண்டுபோங்க" என்றாள் தையலக்கா. "எனக்கு என்ன தெரியும்?"